விருந்தாளி தின்ற கணக்கு

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். சாரல். குடை பிடித்தால் கை வலி, பிடிக்காவிட்டால் சட்டை ஈரம் என்கிற மாதிரியான சாரல். எதிர்மலை தெரியவில்லை. தண்ணீர் எடுக்க இரண்டு கேனோடு போன நான், எங்கள் ஊர் ஊற்றின் வாயருகே ஒரு சிவப்புப் பலகை நட்டிருப்பதைப் பார்த்தேன்.

தகரப் பலகை. இரண்டடிக்கு ஒன்றரை அடி இருக்கும். வெள்ளை எழுத்தில் தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் அதே வரி: இந்தத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல. நட்டவர் செருப்போடு ஏறியிருந்தார். ஊற்றைச் சுற்றிப் போட்டிருக்கும் கல்வரிசைக்குள் எங்கள் ஊரில் குழந்தைகூடச் செருப்போடு போகாது. ஈர மண்ணில் நான்கு தடம் அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது.

எனக்கு வயது எழுபத்து மூன்று. படிக்கக் கீழே நாமக்கல்லில் இருந்த ஆறு வருடம் போக, அறுபத்தேழு வருடம் இந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறேன். எங்கள் ஊர் மலைமேல், வளப்பூர் நாடு என்று சொல்லும் பகுதியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து இருபது நிமிட நடையில் இருக்கிறது. நாற்பத்து மூன்று வீடு. பஞ்சாயத்துக் குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வரும், மோட்டார் நன்றாக இருந்தால். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கும் ஊற்றுதான். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. அன்றுவரை அதைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் எடை எழுத்தராக இருந்தவன். முப்பத்தொரு வருடம் மிளகையும் காபியையும் நிறுத்து எழுதியிருக்கிறேன். ஒரு மூட்டை ஈரம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு ஈரம், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுப் பழகியவன். தண்ணீர் கெட்டது என்று பலகை நட்டவரிடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். இரண்டு கேனையும் நிரப்பினேன். பலகைக்கு முன்னால் நின்று, யாரும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று, மூன்று கை அள்ளிக் குடித்தேன்.

பலகை நட்டவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. அதற்கு எட்டு நாள் முன்பு, திங்கட்கிழமை, கனடாவிலிருந்து பதினொரு கல்லூரி மாணவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். கீழ்நாட்டைச் சேர்ந்த, அதாவது மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற, ஒரு தொண்டு நிறுவனம் அவர்களைக் கூட்டி வந்தது. இரண்டு வாரம் இங்கே தங்கி, பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடித்து, பிள்ளைகள் கை கழுவ நான்கு குழாய் வைத்த ஒரு தொட்டி கட்டித் தருவது திட்டம். சேவை என்று பெயர். அவர்களோடு ஒரு லாரி வந்தது. அதில் சிமெண்டு பன்னிரண்டு மூட்டை, பெயிண்டு ஒன்பது டப்பா, குடிக்கும் தண்ணீர் கேன் தொண்ணூற்றாறு. அருவி விழுகிற மலைக்கு லாரியில் தண்ணீர் ஏற்றி வந்தவர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வெயிலில் நின்றார்கள், கையில் கொப்புளம் வந்தும் நின்றார்கள். எனக்குப் பிடிக்காதது அவர்களுடைய சாயங்காலம். தினமும் ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஊர்க்காரர்களும் வந்து உட்காரலாம். நிறுவனத்து மேலாளர், முப்பது வயதுக்குள் இருக்கும் கீழ்நாட்டுப் பையன், தமிழில் எடுத்துச் சொல்வார். நான் நான்காம் நாள் போய் உட்கார்ந்தேன். ஒரு உயரமான பையன் எழுந்தான். எனக்கு ஆங்கிலம் தெரியும், மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "இவர்களிடம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். இனிமேல் என் வாழ்க்கையைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

"தம்பி, நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்று உனக்கு யார் சொன்னது?"

அவன் மேலாளரைப் பார்த்தான்.

"எனக்கு இரண்டு முழங்காலும் வலி. இந்த வருடம் வாடல் நோயில் பதினேழு மிளகுக்கொடி போய்விட்டது. பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை நகர்த்துகிறான். என் மகன் கோயமுத்தூரிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் போன் செய்கிறான், அதுவும் ஞாபகம் வந்தால். நான் சந்தோஷமாக இல்லை. ஒன்றும் இல்லாதவனும் இல்லை. இருநூற்றுப் பத்து மிளகுக்கொடி, ஒன்பது பலாமரம், ஒன்றரை ஏக்கர் மரவள்ளி இருக்கிறது. கடனும் இருக்கிறது. உன் தாத்தா உன் ஊரில் சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறாயா?"

மேலாளர் தரையைப் பார்த்தார். கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட குட்டையான ஒரு பெண் மட்டும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

விஷயம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நாம சந்தோசமா இருக்கறோம்னு அந்தப் புள்ளைங்க நெனச்சா உங்களுக்கு எங்கீங்க குத்துது?"

"பொய் சொன்னா குத்தும்."

"சந்தோசமா இல்லீங்கன்னு இங்கிலீசுல சண்டை புடிச்ச ஆளு இந்த மலையிலயே நீங்க ஒருத்தருதான். வாங்க, களி ஆறுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் தேதி, மாணவர்கள் ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நாள். இரண்டு மூன்று பேராகப் பிரிந்து ஒவ்வொரு வரிசையாகப் போனார்கள். எங்கள் வரிசையில் ஐந்து வீடு. எங்கள் வரிசைக்கு வந்த இரண்டு பேரில் கண்ணாடிப் பெண் ஒருத்தி. இன்னொருத்தி கால் சுளுக்கி முதல் வீட்டோடு திரும்பிவிட்டாள். நான் அப்போது மிளகுக் கொடிக்கு மண் அணைக்கப் போயிருந்தேன். சாயங்காலம் வந்தபோது கண்ணாடிப் பெண்ணுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்று ஊரே பரபரத்தது. ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள். குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெளுத்த துணி மாதிரி இறங்கினாள். அதற்கு மறுநாள் காலையில்தான் பலகை.

ஊற்றிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேலாளர் போனில் இருந்தார். முடிக்கும்வரை நின்றேன். ஆறு நிமிடம்.

"தண்ணி கெட்டதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றேன்.

"ஐயா, சனிக்கிழமை அந்தப் பொண்ணு ஊத்துல ரெண்டு கை அள்ளிக் குடிச்சிருக்குங்க. மத்த பத்துப் பேரும் குடிக்கல. அவங்களுக்கு ஒண்ணுமில்ல."

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"டெஸ்ட் எதுக்குங்க ஐயா? சாப்பாடு எங்களோடது, கேன் தண்ணி எங்களோடது. வீடுகள்ல குடுத்தத எல்லாருந்தான் சாப்பிட்டாங்க. வேற என்ன இருக்கு? அவங்க அப்பா அம்மா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அங்கிருந்து கூப்பிடறாங்க. என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு கேக்கறாங்க. நான் ஏதாவது காட்டணும் இல்லீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்கள் உடனே பலகை எழுதுவார்கள்.

"இதனால உங்களுக்கு நல்லதுதாங்க நடக்கப்போகுது. இந்தப் பசங்க ஊருக்குப் போயி பணம் திரட்டுவாங்க. அடுத்த வருசம் சுத்திகரிப்பு மெஷின் வந்துரும். குடத்துக்கு அஞ்சு ரூபாதான். பராமரிப்புக்கு வேணுமில்ல" என்றார்.

வீட்டுக்கு நான்கு குடம். நாற்பத்து மூன்று வீட்டுக்கு நூற்றெழுபத்திரண்டு குடம். ஒரு நாளைக்கு எண்ணூற்று அறுபது ரூபாய். வருடத்துக்கு மூன்று லட்சத்துப் பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரம். மலை சும்மா கொடுப்பதற்கு. அங்கேயே அவரிடம் கணக்கைச் சொன்னேன். "நீங்க பெரிசா யோசிக்கிறீங்க ஐயா" என்றார். அப்போது சத்துணவு ஆயா கேன் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். பிள்ளைகளுக்கு ஊற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று அவளுக்கு உத்தரவு வந்துவிட்டதாம். பலகைக்கு வயது மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தேன். முறத்தில் பலாக்கொட்டை கழுவிக் காயவைத்திருந்தது. மழைக்காலத்தில் என் மனைவி அடுப்பு மேட்டில்தான் காயவைப்பாள். கொட்டை நிறைய இருந்தது. நாங்கள் இரண்டே பேர். எனக்குச் சர்க்கரை, நான் இரண்டு சுளைக்கு மேல் தொடுவதில்லை. அவளுக்குப் பலாவின் வாசமே ஆகாது.

"இத்தன கொட்டை ஏது?"

"பழம் அறுத்தா கொட்டை வரும்."

"தின்னது யாரு?"

"தின்னவங்க தின்னாங்க. போயிக் கைகால் கழுவுங்க."

"அந்தக் கண்ணாடிப் புள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே என் விரல் தானாக முறத்துக்குப் போனது. அவள் முறத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க! விருந்தாளி தின்னதப் போயி எண்ணுவாங்களா?"

எங்கள் பக்கத்தில் அது உண்டு. நெல்லை எண்ணலாம், ஆட்டை எண்ணலாம், அடுத்தவன் வீட்டு ஓட்டைக்கூட எண்ணலாம். விருந்துக்கு வந்தவர் தின்றதை எண்ணக்கூடாது. எண்ணினால் வீடு செழிக்காது என்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பஸ் டிக்கெட்டின் எண்ணைக் கூட்டிப் பார்க்கிற நான், இந்த வாழ்நாளில் எண்ணாமல் விட்டது அது ஒன்றைத்தான். கையை எடுத்துக்கொண்டேன்.

"எண்ணல. நீயே சொல்லு."

அவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தட்டுல வெச்சேன், தின்னுச்சு. காலியாச்சு, திரும்ப வெச்சேன். ஒருக்கா போதும்னுச்சு, தமிழ்லயேதான். ஒருக்காச் சொன்னா அது மருவாதிக்குச் சொல்றதுங்க. நான் கேப்பனா? வெச்சேன். அதையும் தின்னுருச்சு. பாவம், பசியோட வந்திருக்குதுன்னு நெனச்சேன்."

"மத்த ஊட்டுல?"

"அஞ்சு ஊட்டுலயும் பழம் அறுத்தாங்க. நீங்க என்ன, எல்லா ஊட்டுலயும் சீசனுக்குப் பழம் இருக்குதுங்கறது தெரியாதா? கடைசி ஊட்டுல தேன் வேற ஊத்தியிருக்கறா."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்புறம் ஏன் பலகை நட்டப்ப ஒருத்தியும் வாயத் தொறக்கல?"

"எங்க ஊட்டுல தின்னுதான் அந்தப் புள்ளைக்கு முடியாமப் போச்சுன்னு நாங்களே போயிச் சொல்லோணுமா? அஞ்சு பேரும் பேசி வெச்சிருக்கோம். ஊத்துக்கு என்னங்க, அதுக்கு மொகமா இருக்குது வாடிப்போறதுக்கு?"

"குடத்துக்கு அஞ்சு ரூபா கேப்பான்."

"அது அடுத்த வருசம். நீங்க இப்ப சொன்னீங்கன்னா இந்த அஞ்சு ஊட்டுலயும் உங்களுக்கு ஒரு வாய் தண்ணி கெடைக்காது. இந்த ஊட்டையும் சேத்துத்தான்."

ஆக, எனக்குக் காரணம் தெரியும், சொல்ல வழி இல்லை. சொன்னால் ஐந்து பெண்களின் முகத்தில் அடித்த மாதிரி. சொல்லாவிட்டால் பலகை நிற்கும். மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்கள். போகும்போது படத்தோடு போவார்கள், கெட்ட தண்ணீர் குடிக்கிற மலை என்று. அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் அது கிழவன் புலம்பல். வழி ஒன்றுதான் இருந்தது. யார் தின்றார்கள் என்பதைப் பேசாமல், தண்ணீரைப் பேச வைப்பது.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் நாமக்கல் போனேன். குடிநீர் பரிசோதிக்கும் கூடத்தில், நாம் கொண்டுபோகும் பாட்டிலில் எடுத்தால் செல்லாது என்றார்கள். அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். ஐஸ் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். பாட்டில் கொடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "ஊத்துல ஒண்ணு புடிங்க. வீட்டுல குடிக்க வெச்சிருப்பீங்கல்ல, அதுலயும் ஒண்ணு புடிச்சுட்டு வாங்க. ரெண்டும் பாத்தாத்தான் முழுசாத் தெரியும்." ஒன்றுக்கு அறுநூறு. யோசித்துவிட்டு இரண்டுக்கும் கட்டினேன். தெர்மாகோல் பெட்டி ஒன்று பஸ் நிலையத்துப் பக்கத்தில் நூற்றிருபதுக்கு வாங்கினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஊற்றுக்குப் போய் முதல் பாட்டிலைப் பிடித்தேன். வாய் விளிம்பில் விரல் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தேன். இரண்டாவதை எங்கள் வீட்டுச் செம்புக்குடத்திலிருந்து. மலையின் கடைத்தெருவான செம்மேட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் விற்கும் கடையைத் திறக்கவைத்து நாற்பது ரூபாய்க்கு ஐஸ் வாங்கி நிரப்பினேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, பெட்டியில என்னங்க? மீனா?" என்றார் நடத்துநர்.

"ஊத்துத் தண்ணி."

"தண்ணி தானாவே கீழ எறங்கி வருமேங்க. அதுக்கு எதுக்கு டிக்கெட்டு எடுத்துக் கூட்டிட்டுப் போறீங்க?"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவும் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வாந்தி வந்த ஒரு அம்மாளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக் கொடுக்காததற்கு அந்த அம்மாள் என்னைத் திட்டியது நியாயம்தான். மணி ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியைக் கூடத்தில் ஒப்படைத்தேன். பிடித்து நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. முடிவு சனிக்கிழமை மதியம், போனிலேயே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். முத்திரை வைத்த தாள்தான் வேண்டும், நானே வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை சும்மா இருக்க முடியவில்லை. காலையில் இரண்டு தடவை ஊற்றைப் போய்ப் பார்த்தேன். கையில் கேன் இல்லாமல் ஊற்றுக்குப் போகிறவனை ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும். மதியம் கண்ணாடிப் பெண் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். கவலையாக இருந்தாள். என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "இந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறார்கள். நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன்" என்றாள். ஒரு தடவையாவது நானும் அவளைப் பெருந்தீனிக்காரி என்று மனதுக்குள் நினைத்திருந்தேன். அதனால் உட்காரச் சொன்னேன்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர், வரப்பை நகர்த்துகிற அதே ஆள், எங்கள் வீட்டில் களி தின்றுகொண்டிருந்தார். வரப்பு வேறு, சாப்பாடு வேறு. என் மனைவி இன்னொரு உருண்டை கொண்டுவந்தாள்.

"போதுமுங்க அண்ணி."

வைத்தாள். தின்றார். கீரைக் குழம்போடு திரும்ப வந்தாள்.

"ஐயோ, போதுமுங்க. வகுறு வெடிச்சிரும்."

"வெடிக்கட்டும், தெச்சுக்கலாம்" என்று வைத்தாள்.

தின்றார். மூன்றாவது உருண்டையோடு அவள் அடுப்படியிலிருந்து திரும்பும்போது, அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்தார், வெளியே போனார், சொம்பை எடுத்துக் கை கழுவினார். அவள் உருண்டையைச் சட்டியில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

கண்ணாடிப் பெண் கை கழுவுகிறவரைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், திரும்பக் கை கழுவுகிறவரைப் பார்த்தாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அழுகிறாளோ என்று பயந்து என் மனைவி ஓடிவந்தாள்.

"எழுந்திருக்க வேண்டும்! அவ்வளவுதானா? எழுந்தால் போதுமா?" என்று என்னிடம் கேட்டாள். கொடுத்ததை மீதி வைக்காமல் சாப்பிடு, வேண்டாமென்றால் போதும் என்று சொல், இந்த இரண்டுதான் நிறுவனம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாம். இரண்டும் தப்பில்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்துதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் ஐந்து வீட்டுக்குத் துரோகம்.

சனிக்கிழமை மதியம் தாளை வாங்கினேன். பாட்டில் ஒன்று, ஊற்று: குடிக்க ஏற்றது. பாட்டில் இரண்டு, வீட்டுக் குடம்: குடிக்க ஏற்றதல்ல.

கூடத்து வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது தாளை மூன்று தடவை படித்தேன். "மூடாம வெச்சு, கைய விட்டு மொண்டு எடுப்பீங்களாயிருக்கும் சார். நிறைய வீட்டுல இதான்" என்றாள் பாட்டில் கொடுத்த பெண். திரும்பும் பஸ்ஸில், இரண்டாவது தாளைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் என்ன என்று முதல் முப்பது வளைவுவரை யோசித்தேன். ஒன்றைக் காட்டி ஒன்றை மறைத்தால், எடைக்கல்லை மாற்றி வைக்கிற வியாபாரிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? மிச்ச நாற்பது வளைவும் என் மனைவிக்கு என்ன சொல்வது என்ற யோசனையில் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் கடைசி வட்டம். ஊரில் பாதி வந்திருந்தது. ஐந்து வீட்டுப் பெண்களும் வேப்பமரத்தடியில் ஒன்றாக நின்றார்கள், என் மனைவி நடுவில். நான் இரண்டு தாளையும் மேலாளரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தார். ஊற்று நல்லது என்றதும் ஊர் சத்தம் போட்டது. என் வீட்டுக் குடம் கெட்டது என்றதும் அதைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டது, அது சிரிப்பு. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மேலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "சரிங்க ஐயா. ஆனா அப்படீன்னா அந்தப் பொண்ணுக்கு எதனாலங்க ஆச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் ஐந்து முக்காடும் அசையவில்லை.

"எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். தண்ணி இல்லைங்கறது தாள்ல இருக்குது. பலகையில இருக்கறது பொய். பொய்யை நட்டவங்கதான் பிடுங்கணும், காரணம் நான் சொல்லோணும்னு இல்லை" என்றேன்.

"ஐயா, நான் மேல என்னன்னு ரிப்போர்ட் பண்றது?"

"எடை எழுத்தர் ஒருத்தர் முரண்டு பிடிச்சாருன்னு பண்ணுங்க."

அப்போது கண்ணாடிப் பெண் எழுந்தாள். என்னைப் பார்த்து, "நான் சொல்லலாமா? நான் தின்றதை நான் எண்ணலாம் இல்லையா?" என்றாள். எண்ணக்கூடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முறம் பறிபோன கதையை என் மனைவியே சைகையில் சொல்லியிருக்க வேண்டும். விருந்தாளி தன் கணக்கைத் தானே சொல்லக்கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. தலையாட்டினேன்.

"ஐம்பத்திரண்டு சுளை" என்றாள், தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மேலாளர் மொழிபெயர்த்தார். எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மாதிரி நடித்துக் காட்டினாள். உட்கார்ந்து போதும், போதும் என்றாள், கன்னத்தை உப்பிக்கொண்டாள், கடைசியில் துள்ளி எழுந்து கை கழுவிக் காட்டினாள். "பழம் மிகவும் நன்றாக இருந்தது. எனக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான்."

மேலாளர் முடிப்பதற்குள் கடைசி வீட்டுக்காரி, தேன் ஊற்றியவள், மரத்தடியிலிருந்து கத்தினாள்: "ஏங் கண்ணு, எந்திரிச்சிருக்கலாமல்ல! நானும் எப்பத்தான் எந்திரிப்பேன்னு ஊத்தி ஊத்திப் பாத்தேன்!"

அதற்குப் பிறகு அந்த வட்டம் வட்டமாக இல்லை. பெண்கள் வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்னத்தைக் கிள்ளினார்கள். ஐம்பத்திரண்டில் எந்த வீட்டுப் பங்கு எவ்வளவு என்பதில் ஐந்து பேருக்கும் தகராறு வந்தது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டில்தான் அதிகம் என்றாள். இதை ஒளிக்கத்தான் நான்கு நாள் ஊற்றைக் காட்டிக் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் பேசிய உயரமான பையன் கடைசியாக எழுந்தான். என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "இங்கே எல்லோரும் சந்தோஷமாக இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஒருவர் நிச்சயமாக இல்லை. அவர் சொன்னதற்குப் பிறகு என் தாத்தாவுக்குப் போன் செய்தேன். அவரும் இல்லையாம்" என்றான். இந்தப் பயணத்தில் அவர்கள் கற்றுக்கொண்டதாகச் சொன்னவற்றில் நான் நம்பியது அது ஒன்றைத்தான். நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணிப் பார்க்கத் தெரியாத பிள்ளைகள், படம் எடுக்க வந்த பிள்ளைகள் என்றுதான் நினைத்திருந்தேன். வயிறு வெடிக்கிற நிலையிலும் சுளையை எண்ணிக்கொண்டே தின்றவள் அவர்களில் ஒருத்தி இருந்தாள். மற்றபடி, அவர்கள் கட்டிய தொட்டியில் நான்கு குழாயில் இரண்டு இன்றும் சொட்டுகிறது.

மேலாளர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையைப் பிடுங்க ஆள் அனுப்பினார். நான் விடவில்லை. பலகையைத் தாங்கிய கம்பி நல்ல கம்பி. நூற்றறுபத்தைந்து ரூபாய்க்குப் பெயிண்டும் பிரஷும் வாங்கி, பலகையை நானே வெள்ளையாக அடித்து, நீல எழுத்தில் இரண்டு மொழியிலும் எழுதினேன்: செருப்பைக் கழற்றவும். குடத்தை மூடி வைக்கவும். அது நிற்கிறது. மெஷின் வரவில்லை. வந்தால் தாள் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

பரிசோதனைச் செலவில் பாதியைத் தருவதாக நிறுவனம் சொல்லியனுப்பியது. வாங்கவில்லை. தங்கள் ஊற்று நல்லது என்று நிரூபிக்க எந்த ஊர்க்காரனும் வெளியாளிடம் பாதிப் பணம் வாங்கமாட்டான்.

என் மனைவி பத்து நாள் என்னிடம் நேராகப் பேசவில்லை. கோழியிடமும் சுவரிடமும் பேசினாள். "ஊர் ஊத்த நல்லதாக்கிட்டு எங் குடத்தக் கெட்டதாக்கிட்டு வந்திருக்கறாரு. நான் போயிருந்தா டிக்கெட்டாவது மிச்சமாயிருக்கும், பொம்பளைக்கு பஸ்ஸு சும்மாதான" என்று கோழியிடம் சொன்னாள். பதினோராம் நாள் செம்மேட்டுக்குப் போய், மூடியும் குழாயும் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்றை ஆயிரத்து எண்ணூற்றைம்பதுக்கு வாங்கித் தோளில் சுமந்துவந்தேன். திறந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், குழாய் சொட்டவில்லை என்பதை உறுதி செய்துகொண்டாள். செம்புக்குடத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்றாள்.

பஸ் மூன்று தடவை போய்வர முந்நூற்று நாற்பத்தெட்டு, பெட்டி, ஐஸ், பரிசோதனை, மூன்று நாள் சாப்பாடும் டீயும் இருநூற்றுத் தொண்ணூறு, பெயிண்டு, டிரம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது நாலாயிரத்துப் பதிமூன்று ரூபாய்.